மைலோவில் கலந்தது

பிரேமலாவுக்கு வாய் சும்மா இருக்காது. கூலாயில் அவளைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பதினோரு வருஷமாகச் சமையல் வேலை. காலை எட்டு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் மாலை நாலு மணி வரை நின்றபடிதான். கால் நின்ற இடத்தில் நிற்கும், வாய் ஊரையே சுற்றிவிட்டு வரும். இரண்டு வருஷமாக அந்த வாய்க்கு ஒரே பேச்சு. மகள் லோஷினி கிளப்பில் விளையாடுகிறாள்.

கிளப் என்றால் ஜொகூரில் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ஆண்கள் கால்பந்து அணிக்குப் பெரிய அரங்கம், ஆட்டம் உள்ள நாளில் நெடுஞ்சாலை வரைக்கும் கார் வரிசை, சட்டையைப் போட்டுக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அதே கிளப் பெண்களுக்கும் ஓர் அணி வைத்திருந்தது. அரங்கம் அவர்களுக்கு இல்லை, பக்கத்துப் பயிற்சித் திடல்தான். வெளியூர் போக பஸ் இல்லை, வேன். ஆண்களுக்குத் திடல் வேண்டுமென்றால் பெண்களின் நேரம் மாறிவிடும், ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஆனால் நெஞ்சில் இருக்கிற சின்னம் ஒன்றேதான். பிரேமலாவுக்கு அது போதும். நாலாவது மாடி வீட்டில் உள்ளே துணிக்கொடி இருந்தும், மகளின் சட்டையை வாசல் நடைபாதையில், சின்னம் ரோட்டைப் பார்க்கும்படி காயப்போடுவாள்.

லோஷினிக்கு இருபது வயது. இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரி. பகலில் ஒரு கைப்பேசிக் கடையில் வேலை, சாயங்காலம் பயிற்சி. போக வர அபிகெயிலின் மோட்டார் சைக்கிள். அபிகெயில் அதே அணியின் கோல் கீப்பர். அவளுடைய அம்மா ஐலீனும் பிரேமலாவும் லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள். கல்யாணமாகி இருவருமே கூலாய்க்கு வந்து சேர்ந்தார்கள். ஐலீன் காலையில் அடுக்குமாடிக்குக் கீழே நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடை போடுவாள்.

இந்த வருஷம் கிளப் ஒரு சேதி சொன்னது. பெண்கள் அணியில் மூன்று பேருக்கு முழுநேர ஒப்பந்தம். கடை வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்டம் மட்டுமே வேலையாகச் செய்யலாம். அரையிறுதி ஆட்டத்தைப் பார்க்க ஆண்கள் அணியின் ஆட்களே வருவார்கள், பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். லோஷினி மூன்றில் ஒருத்தி என்று எல்லாரும் சொன்னார்கள். அபிகெயிலை நாலாவது என்றார்கள்.

அரையிறுதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மழைத் திடலில் வழுக்கி லோஷினியின் முட்டி வீங்கியது. படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். பிரேமலா மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோச்சுக்குத் தெரியுமாடி?"

"தெரிஞ்சா உக்கார வச்சிருவாரு. நீங்க கேண்டீன்ல போயி சொல்லிக்கிட்டு இருக்காதீங்கம்மா."

"நான் ஏன் சொல்றேன்? இந்தா, என் வேர் மாத்திரைல ரெண்டு போடு. எனக்கு மூனே நாள்ல வலி பறந்துருச்சு லா."

"எத்தன வாட்டி சொல்லிட்டேன்? கிளப்ல கேக்காம ஒரு பனடோல்கூடப் போடக்கூடாது. போட்டோ புடிச்சு அனுப்பனும். அவங்க ஓக்கே சொன்னாதான்."

"அது ஆஸ்பத்திரி மாத்திரைக்குடி. இது வேரு, பட்டை."

"வேணாம்னா வேணாம்மா."

அந்த மாத்திரையைப் பிரேமலா ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறாள். வியாழக்கிழமைச் சந்தையில் மாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு மலாய்க்கார அம்மாள் மடக்கு மேசை போட்டு விற்கிற ஜாமு என்கிற நாட்டு மூலிகைச் சரக்கு. பேர் ஒட்டாத வெள்ளைப் போத்தல், உள்ளே தூள் அடைத்த மஞ்சள் குப்பிகள். நின்று நின்று செத்துப் போயிருந்த அவள் முட்டிக்கு அது உயிர் கொடுத்தது. முகம்கூடப் பூரித்துவிட்டது. கேண்டீனில் எல்லாரும், "என்னாக்கா, கன்னமெல்லாம் வச்சு களையா இருக்கீங்க?" என்று கேட்டார்கள். மகள் கிளப்பில் ஆடுகிற சந்தோஷம்தான் என்று அவளும் சொல்லிக்கொண்டாள்.

தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு மருந்து என்பது தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் கொடுப்பது. அதற்கு வேளை உண்டு, கணக்கு உண்டு, கேட்டுத்தான் சாப்பிடவேண்டும். வேரும் இலையும் பட்டையும் மருந்தில் சேராது, சாப்பாட்டோடு சேர்ந்தது. பிள்ளைக்குச் சாப்பாடு போட யாரைக் கேட்கவேண்டும்? மறுநாள் காலை இரண்டு குப்பியைப் பிரித்து, தூளை மைலோவில் கொட்டி, ஒரு கரண்டி பால் அதிகமாக விட்டுக் கலக்கினாள். கசப்புத் தெரியவில்லை. லோஷினி நின்றபடியே குடித்துவிட்டு ஓடினாள்.

பத்து நாள். பத்தாம் நாள் லோஷினி படியில் தடதடவென்று இறங்கினாள். "பாத்தீங்களா, ஐஸ் வச்சே சரி பண்ணிட்டேன்!" பிரேமலா சிரித்துக்கொண்டாள். சொல்லாமல் செய்த நல்லது என்று ஒரு பூரிப்பு வேறு.

அரையிறுதியில் லோஷினி தொண்ணூறு நிமிஷமும் ஆடினாள். ஜெயித்தார்கள். முடிந்ததும் கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் அம்மாள் வந்து அவளைச் சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனாள். குலுக்கலில் அவளுடைய எண் வந்ததாம். அதையும் பிரேமலா கேண்டீனில் விடவில்லை.

"பெரிய ஆட்டக்காரங்களுக்குத்தான் டெஸ்ட் எடுப்பாங்களாம். என் மவளுக்கு எடுத்துட்டாங்க!"

மூன்று வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடிதம் வந்தது. பிரேமலாவின் புருஷன் மதிவாணன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன், அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தான். லோஷினி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அவள் சிறுநீரில் தடை செய்யப்பட்ட மருந்து இருந்தது. விசாரணை முடியும்வரை பயிற்சிக்கும் வரக்கூடாது, ஆட்டத்துக்கும் வரக்கூடாது. மருந்தின் பேரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். டெக்ஸாமெத்தசோன்.

"நான் ஒன்னும் சாப்பிடலப்பா."

"லேப்பு பொய் சொல்லுமா?"

"சாப்பிடல. என்னா சொல்லனும் நான்?"

"உண்மைய சொல்லு. முட்டி வலின்னு யாராச்சும் குடுத்தாங்களா? வாங்கிப் போட்டியா? சொல்லிரு, அப்பா திட்டமாட்டேன்."

"சாப்பிடல, சாப்பிடல, சாப்பிடல!"

பிரேமலாவுக்குச் சந்தேகமே இல்லை. மகள் பொய் சொல்லமாட்டாள். அப்படியென்றால் யாரோ கலந்திருக்கிறார்கள். யார்? ஒரே மோட்டார் சைக்கிளில் போகிறவள், ஒரே போத்தலில் தண்ணீர் குடிக்கிறவள், நாலாவது இடத்தில் நிற்கிறவள். சத்தியமாக, அந்த நேரத்தில் மைலோ அவள் நினைப்பிலேயே இல்லை. அதுதான் கொடுமை.

மறுநாள் காலை நேராக ஐலீன் கடைக்குப் போனாள். ஏழெட்டுப் பேர் பசியாற வரிசையில் நின்றார்கள்.

"ஐலீன்! உன் மவ என் மவ பாட்டில்ல என்னா கலந்தா?"

ஐலீனுக்குப் புரியவில்லை. "என்னா பிரேமா, என்னா சொல்ற?"

"டெஸ்ட்ல மருந்து இருக்குன்னு கடுதாசி வந்துருச்சு. நாலாவதா நிக்கிறது யாரு? என் புள்ள போனா அந்த எடம் யாருக்கு? ஒரே லயத்துல பொறந்தமேடி, இப்பிடியா பண்ணுவீங்க?"

ஐலீன் கையில் பாதி மடித்த பொட்டலம் இருந்தது. "வரிசைல ஆளுங்க நிக்கிறாங்க. அப்புறம் பேசலாம் பிரேமா," என்று மட்டும் சொன்னாள். பிரேமலா விடவில்லை. நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்திவிட்டுத்தான் பஸ் ஏறினாள். மத்தியானத்துக்குள் பேச்சு பெண்கள் அணி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அபிகெயில் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, கால் வீக்கம் என்று பிரேமலா அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். பிரஷர் எகிறியிருந்தது. அங்கிருந்த தமிழ் நர்ஸ், மிஸ்ஸி, அவள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, ஜாமு ஏதும் சாப்பிடுறீங்களா?"

"வேர் மாத்திரை மிஸ்ஸி. முட்டிக்கு."

"அலமாக், அதான பாத்தேன். இது சதை இல்லக்கா, வீக்கம். வேரும் இல்ல ஒன்னும் இல்ல, பாதிப் பேரு இதுல ஸ்டீராய்டு கலந்துதான் விக்கிறானுங்க. டெக்ஸாமெத்தசோன்னு பேரு. வலி ஒடனே போவும், ஒடம்ப அரிச்சிரும். திடீர்னு நிறுத்திராதீங்க, டாக்டர் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்பாரு."

வீட்டில் ஒன்பது நாளாக எல்லாருடைய வாயிலும் புரண்டுகொண்டிருந்த பேர் அது. மிஸ்ஸி வேறு என்னென்னவோ சொன்னாள். பிரேமலாவின் காதில் எதுவும் விழவில்லை. பத்து டம்ளர் மைலோ மட்டும் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நின்றது.

வீட்டுக்கு வந்தவள் முதலில் செய்த காரியத்தைச் சொல்லவே நாக்கூசுகிறது. மகளிடம் ஓடினாளா? ஐலீன் வீட்டுக் கதவைத் தட்டினாளா? இல்லை. மாத்திரைப் போத்தலை எடுத்துப் பழைய நாளிதழில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, கீழே பெரிய குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். வந்து கை கழுவினாள். மறுபடியும் கழுவினாள். பிறகு சோறு வடித்தாள்.

சொல்லிவிடலாம், மதிவாணன் சாப்பிடட்டும் என்று நினைத்தாள். சாப்பிட்டான், சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று படுத்தாள். காலையில் மகள் அழுத கண்ணோடு கடைக்குக் கிளம்பினாள், சொல்லவில்லை. இப்படியே வெள்ளி போயிற்று, சனி போயிற்று. நாக்கை நீட்டி ஊரை அளந்தவளுக்கு ஒரே ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. நம் கதாநாயகியின் வீரம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை மதிவாணன் ஒரு முடிவுக்கு வந்தான். "நாளைக்கு முனியாண்டி கோயிலுக்குப் போறோம். ரெண்டு புள்ளைங்களும் கப்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணட்டும். தோட்டத்துல அப்பிடித்தான் தீத்தாங்க. ஐலீன் புருஷன்கிட்ட பேசிட்டேன், வாரேன்னாங்க."

"அபி பண்ணலப்பா. எனக்குத் தெரியும்," என்றாள் லோஷினி.

"அப்ப நீதான் போட்ருக்க."

"எதுக்குங்க இதெல்லாம்?" என்று பிரேமலா மெல்ல இழுத்தாள். மதிவாணன் திரும்பிப் பார்த்தான். "நீதான ஊரக் கூட்டி கத்துன? இப்ப எதுக்குன்னு கேக்குற?"

கோயில் செம்பனைக் காட்டு ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, அரிவாள் ஊன்றிய மேடை, சுருட்டுச் சாம்பல். ஞாயிறு காலை பத்து மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. பூசாரி ஐயாசாமி கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். ஐலீனும் அபிகெயிலும் வந்து, செருப்பைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் தயங்கி நின்றார்கள்.

"எங்களுக்குச் சர்ச்சுல சத்தியமே பண்ணக்கூடாதுன்னுதான் சொல்லிக் குடுத்திருக்காங்க," என்றாள் ஐலீன். "எந்த சாமி முன்னாலயும்."

"பரவால்லம்மா," என்றாள் அபிகெயில். "அடிச்சிட்டு வந்துர்றேன். அப்புறமாச்சும் இவங்க நம்மள விட்ருவாங்கல்ல?"

முதலில் லோஷினி. ஐயாசாமி தரையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரம் ஏற்றினார். லோஷினி மண்டியிட்டாள். "எனக்குத் தெரிஞ்சு நான் எந்த மருந்தும் சாப்பிடல. பொய்னா இந்தக் காலு வெளங்காம போவட்டும்." சொல்லிவிட்டு உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். ஆட்டக்காரி தன் காலை வைத்துச் சத்தியம் செய்கிறாள். பெற்றவள் நாலடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஐயாசாமி இன்னொரு கட்டி ஏற்றினார். அபிகெயில் முன்னால் வந்தாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையை எடுத்துச் சட்டைக்குள்ளே விட்டு மறைத்தாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று சட்டெனச் செய்தாள். பிரேமலா பார்த்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு அவள் சோறு ஊட்டியிருக்கிறாள், தலைக்குப் பேன் பார்த்திருக்கிறாள். அபிகெயிலின் கை இறங்குவதற்குள் பிரேமலா விழுந்தடித்துப் போய்த் தன் கையை நெருப்பின்மேல் வைத்து அழுத்தினாள்.

"வேணாம் அபி. நான்தான். நான்தான் குடுத்தேன். மைலோல கலந்து குடுத்தேன்."

பிரேமலா மண்ணைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குப்பியை, பத்து நாளை, மிஸ்ஸி சொன்னதை, போத்தலை வீசியதை. கை எரிந்தது. இன்னும் எரியட்டும் என்று இருந்தது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்று ஐலீன் கேட்டாள்.

"வியாழக்கெழம."

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் என் கடை வழியாத்தான பஸ்ஸுக்குப் போன?"

"ஆமா."

"நின்னு சொல்லிருக்கலாம்ல பிரேமா. யாரும் இல்லாத நேரமாப் பாத்தாச்சும்."

ஐலீன் மகளின் தோளைத் தொட்டு, "வா, போலாம்," என்றாள். அபிகெயில் நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள், லோஷினியின் கையைப் பிடித்து உள்ளங்கையில் ஒட்டியிருந்த கரியைத் தன் சட்டையில் துடைத்துவிட்டாள். பிரேமலாவின் பக்கம் அவள் பார்க்கவே இல்லை.

மதிவாணன் மேடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "லேப்பு பொய் சொல்லுமான்னு கேட்டனே உன்ன," என்று மகளிடம் சொன்னான்.

லோஷினி அழவில்லை. "பத்து நாளாம்மா?" என்று கேட்டாள்.

"பத்து நாளுதான்டா."

"ஒவ்வொரு நாளும் குடிச்சிட்டு, நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டுப் போனேன்."

விசாரணை கோலாலம்பூரில் நடந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு ஆட்டக்காரர்தான் பொறுப்பு என்றார்கள். அம்மா கலந்தார் என்பதை ஏற்கலாம், ஆனால் அந்த மருந்து அந்த மாத்திரையில்தான் இருந்தது என்று காட்ட மாத்திரை வேண்டுமே, போத்தல் எங்கே என்று கேட்டார்கள். வீசிவிட்டேன் என்றாள் பிரேமலா. சந்தைக்குப் போய்த் தேடினோம், அந்த மாக்சிக் இப்போது வருவதில்லை என்றான் மதிவாணன். ஏன் வீசினீர்கள் என்று நடுவில் இருந்த அம்மாள் மலாயில் கேட்டாள். பிரேமலாவுக்கு நன்றாக மலாய் வரும், கேண்டீனில் நாள் முழுக்கப் பேசுகிற பாஷை. அன்றைக்கு ஒரே சொல்தான் வந்தது.

"மாலு."

வெட்கம். அதை அந்த அம்மாள் எழுதிக்கொண்டாள். பக்கத்தில் இருந்த லோஷினி தலையைக் குனிந்துகொண்டாள். போத்தல் இருந்திருந்தால் தண்டனை இன்னும் குறைந்திருக்கும் என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. ஒன்றரை வருஷத் தடை. மூன்றாவது ஒப்பந்தம் அபிகெயிலுக்குப் போயிற்று. லோஷினியே போன் போட்டு வாழ்த்துச் சொன்னாள். "ச்சே, அழாத அபி, நீ நல்லா ஆடுன, அதான் குடுத்தாங்க," என்று சிரித்துப் பேசியதைப் பிரேமலா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

அதன்பிறகு அவள் ஐலீன் கடைப் பக்கம் போவதில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, குப்பைத் தொட்டி வழியாகப் போய் பஸ் ஏறினாள். கேண்டீனில், "மவ எப்பிடிக்கா, ஆட்டம் எப்ப?" என்று விஷயம் தெரியாதவர்கள் கேட்டார்கள். தெரிந்தவர்கள் கேட்கவில்லை. அதுதான் அதிகமாகச் சுட்டது.

லோஷினி வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சண்டை ஒன்றும் போடவில்லை. வேலை முடிந்து வரும்போது பொட்டலம் வாங்கி வருவாள், அறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள், தண்ணீரும் மூடி திறக்காத போத்தலில்தான். "வெளியவே சாப்பிட்டேன்மா," என்று நல்ல முறையாகவே சொல்வாள். பிரேமலா மூன்று பேருக்குச் சமைத்து, இரண்டு பேருக்குப் பரிமாறி, மீதியை மறுநாள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போனாள். இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிறு மத்தியானம் நல்ல மழை. கடைகளுக்கு இறங்க முடியாது. அடுக்குமாடிக்குப் பின்னால் தனியாக ஓடிவிட்டு நனைந்து வந்த லோஷினி, தலையைத் துவட்டிக்கொண்டு மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"சோறு இருக்காம்மா?"

பிரேமலா அடுப்படிக்கு ஓடினாள். தட்டைக் கழுவி, துடைத்து, சோறு போட்டு, ரசம் ஊற்றி, வெண்டைக்காயும் நெத்திலிச் சம்பாலும் வைத்தாள். லோஷினி தட்டைத் தொடவில்லை. கைப்பேசியை எடுத்தாள்.

"இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?"

பிரேமலா அவளையே பார்த்தாள். மகளின் குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை.

"கிளப்ல எழுதி வைக்கச் சொல்லிருக்காங்கம்மா. திரும்பிப் போறவரைக்கும் எல்லாத்தையும் எழுதனும். யாரு வீட்ல சாப்பிட்டாலும்."

யார் வீட்டில் சாப்பிட்டாலும். பிரேமலா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மேசைக்கு எதிரே நேராக வந்து நின்றாள்.

"ரசத்துல புளி. தக்காளி. மொளகு, சீரகம், பூண்டு."

"மெதுவா சொல்லுங்க."

"பெருங்காயம் ஒரு சிட்டிகை. மல்லித் தழை. வெண்டிக்காய்ல எண்ணெ, கடுகு, வெங்காயம், மஞ்சத்தூளு. சம்பால்ல காஞ்ச மொளகா, நெத்திலி, கொஞ்சம் சீனி."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லடா."

லோஷினி எழுதியதை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்துப் பார்த்தாள்.

"உப்பு சொல்லல."

"உப்பும் போட்டேன்," என்றாள் பிரேமலா.

மகள் அதையும் எழுதிக்கொண்டுதான் சோற்றில் கை வைத்தாள்.